பச்சை மண் குதிரை: சிறுகதை வரைவு, முடிவுக்குக் கருத்து வேண்டும்

தெற்குமடை | ஞாயிறு, இரவு 10.20

வணக்கம். பத்து நாளாக மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கும் கதை இது. ஒரு சிறுவன் ஏதோ ஆசைப்பட்டுக் கேட்கிறான், அது அவனை எங்கேயோ இழுத்துக்கொண்டு போகிறது. இவ்வளவுதான் கையில் இருந்தது. எழுத உட்கார்ந்ததும் வந்ததெல்லாம் விளக்கு, பூதம், மூன்று வரம். நான்கு பக்கம் எழுதிக் கிழித்துவிட்டேன். எங்கள் சிவகங்கைப் பக்கத்தில் யாரும் பூதத்திடம் கேட்பதில்லை. சாமியிடம் கேட்கிறோம். கேட்கும்போதே பதிலுக்கு என்ன செய்வோம் என்றும் சொல்லிவிடுகிறோம். அதற்குப் பெயரே நேர்த்திக்கடன். அந்தக் கடனிலிருந்து தொடங்கினேன், கதை ஓடியது. முடிவு மட்டும் ஒட்டவில்லை. வாசித்துவிட்டுச் சொல்லுங்கள்.

---

அப்பத்தாவின் காரியம் முடிந்த மறுநாள் அவளுடைய தகரப் பெட்டியைத் திறந்தார்கள். இரண்டு கண்டாங்கிச் சேலை, ஒரு பாக்குவெட்டி, காதில் போட்டுக் கழற்றிய தண்டட்டி. அடியில் மஞ்சள் துணியில் முடிந்த ஒரு ரூபாய். மஞ்சள் வெளுத்திருந்தது. முடிச்சு இறுகிப்போய் நகத்தால் அவிழ்க்க முடியவில்லை.

“இது கதிருக்கு முடிஞ்சது” என்றாள் அம்மா. “பெறந்த மூணாம் மாசம் மூச்சு முட்டி ஆசுபத்திரியில கெடந்தான்ல, அப்ப. பிள்ளை பிழைச்சு வந்தா ஒரு குதிர எடுத்து விடுறேன்னு ஐயனாருக்கு நேந்துக்கிட்டாக. அந்த வருசம் மழையில்ல. அடுத்த வருசம் காசில்ல. அப்புறம் யாருக்கும் நெனப்பில்ல.”

அப்பா ஒன்றும் பேசவில்லை. விடிந்ததும் கண்மாய்க்குள் இறங்கி ஒரு கைப்பிடி மண் எடுத்தார். வெற்றிலை பாக்கோடு, மண் குதிரை செய்யும் வேளார் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிடிமண் கொடுத்தார்.

“ஐப்பசி பெறக்கப் போகுது. சூளை வைக்கிற காலமில்லையேப்பா” என்றார் வேளார்.

“பதினோரு வருசக் கடன் வேளாரே. இனியும் தள்ளிப்போட மனசு வரல.”

கொட்டகையில் குதிரை வளர்ந்தது. கதிர் பள்ளிக்கூடம் விட்டதும் அங்கேதான் போனான். முதலில் நான்கு கால்கள், குழாய் குழாயாக. இரண்டு நாள் காய்ந்ததும் அதன்மேல் வயிறு. பிறகு மார்பு, கழுத்து. வேளார் மண்ணில் மணலும் உமியும் போட்டு மிதித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் தலை வந்தது. காது வந்தது. கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு மேடு மட்டும் இருந்தது.

“கண்ணு எங்க தாத்தா?”

“சுட்டு, வெள்ளையடிச்சு, கோயிலுக்குத் தூக்குறப்பத்தான்டா கண்ணு தெறக்கணும். அதுவரைக்கும் இது வெறும் மண்ணு.”

மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள், இரண்டு நாள், ஆறு நாள். ஆறாம் நாள் இரவு எல்லோரும் தூங்கிய பிறகு கதிர் கொட்டகைக்குப் போனான். இது அவனுக்காக நேர்ந்த குதிரை. ஊரில் வேறு எந்தப் பிள்ளைக்கும் குதிரை கிடையாது. அதன் கழுத்தில் கன்னத்தை வைத்தான். சில்லென்று இருந்தது.

“உம்மேல ஏறி ஊரை ஒரு சுத்துச் சுத்தி வரணும்” என்றான். அது வேண்டுதல் என்றுகூட அவனுக்குத் தெரியாது.

குதிரை கால் மாற்றி நின்றது.

ஏறிக்கொண்டான். குதிரை நடந்து கொட்டகைத் தூணில் இடித்தது. திரும்பி மறுபடியும் இடித்தது. அப்போதுதான் கதிருக்கு உறைத்தது. குனிந்து அதன் காதில் சொன்னான்: “நான் சொல்றேன். நேரா போ. இப்ப சோத்தாங்கைப் பக்கம். கல்லு கெடக்கு, காலைத் தூக்கி வை.”

தெருவைத் தாண்டினார்கள். நாய்கள் குரைக்கவில்லை, வாலை ஆட்டிக்கொண்டு ஒதுங்கின. சாவடி, காளி கோயில், சுடுகாட்டு முக்கு, கருவேலங்காடு. பகலில்கூட அவன் தனியாகப் போகாத இடமெல்லாம் குதிரையின் முதுகிலிருந்து பார்க்கச் சின்னதாக இருந்தது. மழை வலுத்தது. முதலில் வலது காது கரைந்து விழுந்தது. அவன் தொடைக்குக் கீழே மண் வழுக்கியது.

“போதும், திரும்பிரலாம்.”

குதிரை திரும்பவில்லை. ஒரு சுற்று என்று அவன்தான் கேட்டிருந்தான்.

கண்மாய்க் கரையில், நடுமடைக்குத் தெற்கே, அது தானாக நின்றது. கரையின் வெளிச்சரிவில் கொப்பளிக்கும் சத்தம். மின்னலில் பார்த்தான். நண்டு வளை ஒன்றிலிருந்து அவன் கை தடிமனுக்குத் தண்ணீர் பீய்ச்சியது. கண்மாய் நிறைந்து கலுங்கில் வழிந்துகொண்டிருந்தது. கரைக்குக் கீழே ஊர் தூங்கியது.

கதிர் கண்ணை இறுக மூடினான். “ஐயனாரே, இந்த உடைப்பு அடைபடணும்” என்று வேண்டினான். இடி இடித்தது. வெள்ளைக் குதிரையில் மீசையோடு ஓர் உருவம் கரையின்மேல் பாய்ந்து போனது. தண்ணீர் நின்றது.

காலையில் கதிர் பாயில் கண் விழித்தான். பாதத்தில் மண் ஒட்டியிருந்தது.

---

இவ்வளவுதான். பாதத்து மண் எழுதும்போது நன்றாக இருந்தது. மறுநாள் வாசித்தபோது யாரோ எழுதியது போல இருந்தது.

---

தாழம்பூ | ஞாயிறு, இரவு 11.05

ஒரே மூச்சில் வாசித்தேன். கண் திறக்காத குதிரைக்குப் பையன் கண்ணாக இருக்கிறான் என்ற இடத்தில் உடம்பு சிலிர்த்தது. தூணில் இரண்டு முறை இடிப்பது மிக நல்ல இடம், தயவுசெய்து அதைத் தொடாதீர்கள்.

முடிவு ஏன் ஒட்டவில்லை என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். கதிர் இரண்டாவதாக ஒரு வேண்டுதல் வைக்கிறான், அது உடனே நடந்துவிடுகிறது. முதல் வேண்டுதலுக்கு அத்தனை விலை கொடுத்த கதை இரண்டாவதற்கு ஒன்றும் கேட்கவில்லை. நேர்த்திக்கடன் என்று தொடங்கியது நீங்கள்தான். கடைசியில் கடனே இல்லாமல் கொடுத்துவிட்டீர்கள்.

நம் வரக் கதைகளை நினைத்துப் பாருங்கள். எல்லாமே கேட்ட வார்த்தைக்குள்தான் மாட்டிக்கொள்ளும். இரணியன் உள்ளேயும் வேண்டாம் வெளியேயும் வேண்டாம், பகலும் வேண்டாம் இரவும் வேண்டாம் என்று அடுக்கினான். வாசற்படியும் அந்திப்பொழுதும் மிச்சமிருந்தன. நித்தியத்துவம் கேட்க வந்த கும்பகர்ணன் நாக்குப் பிறழ்ந்து நித்திரத்துவம் கேட்டுவிட்டான் என்று எங்கள் ஊர் உபன்யாசத்தில் சொல்வார்கள். நான் தொட்ட தலை சாம்பலாகட்டும் என்று வரம் வாங்கிய பஸ்மாசுரன் கடைசியில் தன் தலையையே தொட்டான். வெளியிலிருந்து யாரும் வந்து கதையை முடிப்பதில்லை. கேட்ட சொல்லே முடிக்கிறது.

உங்களிடமும் அப்படி ஒரு சொல் இருக்கிறது: “ஒரு சுத்து”. அது முடியும்வரை குதிரை திரும்பாது என்று எழுதிவிட்டீர்கள். அப்படியானால் கரையில் அவன் முன்னால் இருக்கும் கேள்வி, சுற்று முடியாமல் இறங்குவதா வேண்டாமா என்பதுதான். அவன் ஆசைப்பட்டுக் கேட்டதை அவனே பாதியில் விட வேண்டும். அந்த இடத்தில் ஐயனாருக்குக்கூட வேலை இல்லை.

---

வேளார்தெரு | திங்கள், காலை 6.48

நான் மண் வேலை செய்யும் குடும்பம். அப்பா இன்னும் சக்கரத்தில் உட்காருகிறார். கதையைக் காலையில் அவருக்கு வாசித்துக் காட்டினேன்.

முதலில் நல்லது. கழுத்தில் கன்னத்தை வைத்தான், சில்லென்று இருந்தது என்கிறீர்கள். தெரிந்து எழுதினீர்களா தானாக வந்ததா என்று தெரியவில்லை, ஆனால் நாங்கள் அப்படித்தான் பார்ப்போம். காய்ந்த மண் கன்னத்துக்குக் குளிராது. குளிர்ந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். ஈரத்தோடு சூளையில் வைத்தால் உள்ளே ஆவி கட்டிப் படார் என்று வெடிக்கும். ஒரு குதிரை வெடித்தால் பக்கத்தில் உள்ளதையும் சேர்த்து உடைக்கும். வேளார் ஏன் ஆறு நாளும் சூளை வைக்காமல் இருந்தார் என்பதற்கு இந்தக் காரணம் ஒரு வரி இருந்தால் போதும்.

காது முதலில் கரைவது சரி. மெல்லியது அதுதான். அடுத்தது வால். அதற்குப் பிறகு கால், கணுப் பக்கம். வயிறு கடைசிவரை நிற்கும், அங்கேதான் மண் கனமாக இருக்கும்.

இப்போது ஒரு வருத்தம். “அதுவரைக்கும் இது வெறும் மண்ணு” என்று எந்த வேளாரும் சொல்லமாட்டார். பிடிமண் வாங்கின நாளிலிருந்தே எங்கள் வீட்டில் கவிச்சி கிடையாது. பல ஐயனார் கோயில்களில் பூசாரியும் நாங்கள்தான். பிடிமண் கொடுத்தபோதே அது சாமிக்கு என்று ஆகிவிட்டது. அப்பா சொன்னார்: “இன்னும் பாக்கல, அவ்வளவுதான்னு சொல்லணும்.” அதாவது குதிரை இருக்கிறது, இன்னும் பார்க்கவில்லை.

---

தெற்குமடை | திங்கள், காலை 7.30

“இன்னும் பாக்கல, அவ்வளவுதான்.” இதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். கன்னம் தானாக வந்ததுதான், சின்ன வயதில் பானை அடுக்கியிருக்கும் கொட்டகைக்குள் ஒளிந்து விளையாடியிருக்கிறேன்.

---

நீர்க்கோடு | திங்கள், மதியம் 1.15

ஏரி, கண்மாய் பராமரிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரி, கண்மாய்கள் என்று கணக்குச் சொல்வோம். அவற்றில் எத்தனையோ கரைகளில் இரவு முழுவதும் டார்ச் விளக்கோடு நடந்திருக்கிறேன். அதனால் இந்தக் கதை எனக்குக் கற்பனையாகவே தெரியவில்லை.

கரை பெரும்பாலும் மேலே வழிந்து மட்டும் உடைவதில்லை. நண்டு, எலி போட்ட வளை, செத்த மரத்தின் வேர் இருந்த பொந்து, இவற்றின் வழியாகத் தண்ணீர் உள்ளே நுழைந்து வெளிச்சரிவில் எட்டிப் பார்க்கும். தெளிந்த தண்ணீராக வந்தால் ஓரளவு நேரம் இருக்கிறது. கலங்கி வந்தால் அது கரையின் மண்ணையே அரித்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். வளை நிமிடத்துக்கு நிமிடம் பெரிதாகும். ஆகவே “கை தடிமனுக்கு” என்பதைவிட “கலங்கலாக” என்று எழுதுங்கள். கரையில் வேலை பார்த்தவர்களுக்கு அந்த ஒரு சொல்லே வயிற்றைக் கலக்கும்.

இன்னொன்று. வெளிப்பக்கத்து ஓட்டையை அடைப்பது தப்பு. எல்லோரும் பதற்றத்தில் முதலில் அதைத்தான் செய்வார்கள். அங்கே அடைத்தால் தண்ணீர் பக்கத்தில் வேறு வழி பிளந்துகொண்டு வரும். உள்பக்கம், தண்ணீர் நுழையும் வாயைக் கண்டுபிடித்து அங்கே அடைக்க வேண்டும். வைக்கோல், கோரை, களிமண் என்று கையில் கிடைப்பதைப் போட்டு மிதிப்பார்கள். அந்த வாய் எங்கே என்று எப்படித் தெரியும்? தண்ணீரின்மேல் சின்னதாக ஒரு சுழி இருக்கும். ஒரு சருகு மிதந்து வந்தால் அந்த இடத்தில் தட்டாமாலை சுற்றும். இருட்டில் அதைப் பார்ப்பது மகா கஷ்டம். கூர்மையான கண் வேண்டும்.

கண் வேண்டும் என்று எழுதிவிட்டு உங்கள் கதையைத் திரும்ப ஒரு முறை வாசித்தேன். பையனுக்கு அங்கே வேலை காத்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் அவனைக் கண்ணை மூட வைத்துவிட்டீர்கள்.

---

தாழம்பூ | திங்கள், மதியம் 1.40

ஐயா, கடைசி வரியைப் படித்து எழுந்து நின்றுவிட்டேன். இதைவிடச் சரியாக யாரும் சொல்ல முடியாது.

---

வன்னிக்காற்று | திங்கள், மாலை 5.55

வணக்கம். நான் கிளிநொச்சிப் பக்கம். எங்கட ஊரில குதிரை எடுக்கிற வழக்கம் இல்லை, ஆனால் நேத்தி வைக்கிறது நல்லாத் தெரியும். ஏ9 வீதியால போகிற வாகனம் எல்லாம் முறிகண்டிப் பிள்ளையாரடியில நிண்டு, தேங்காய் உடைச்சு, கச்சானும் வாங்கிக்கொண்டுதான் வெளிக்கிடும். சாமியைத் தாண்டிப் போகேக்க அவருக்குச் சொல்லிப்போட்டுப் போகவேணும் எண்ட நினைப்பு சின்னனிலேயே உடம்பில ஊறிப்போயிரும். உங்கட கதையில பொடியன் எல்லைக் கோயிலுகளைக் கடக்கேக்க ஒண்டும் சொல்லாமல் போறது எனக்கு உறுத்திச்சுது. காளி கோயிலடியில குதிரை ஒருக்காத் தலையைக் குனிஞ்சிட்டுப் போகட்டும். பெரிசா எழுதத் தேவையில்லை.

குளக்கட்டு பற்றி ஐயா எழுதினதை எங்கட அப்பாவும் அப்படியே சொல்லுவார். மாரியில குளம் வான் பாயிற இரவுகளில ஆம்பிளையள் ஒருத்தரும் படுக்கிறேல்லை. துருசடியில, உங்கட மடையடியில, காவல் இருப்பினம். நான் கட்டில நிண்டு பார்த்தது ஒரே ஒருக்காத்தான், ஒன்பது வயசில. தண்ணிக்கு ஒரு மணம் இருக்குது. வெள்ளத் தண்ணி எப்பவும் இல்லாத மாதிரி மணக்கும், பச்சை இலையைக் கசக்கினது போல. அதையும் சேர்ப்பீங்கள் எண்டால் சந்தோசம்.

---

மொட்டைமாடி | திங்கள், இரவு 9.10

எல்லோரும் முடிவை மாற்றச் சொல்கிறீர்கள். நான் மாறுபடுகிறேன். கனவா நனவா என்று தெரியாமல் பாயில் விழிக்கும் முடிவு பழசாக இருந்தாலும் குழந்தைகளுக்கு ஆறுதலான முடிவு. பையன் பத்திரமாக வீட்டில் இருக்கிறான். ஊரும் பத்திரமாக இருக்கிறது. குதிரை செத்துப்போவது போன்ற முடிவை நோக்கித்தான் நீங்கள் எல்லாரும் கதையைத் தள்ளுகிறீர்கள் என்று தோன்றுகிறது. ஏற்கெனவே அப்பத்தா இறந்த வீடு அது.

---

தாழம்பூ | திங்கள், இரவு 9.32

உங்கள் கவலை புரிகிறது. ஆனால் கனவு என்று ஆக்கிவிட்டால் அந்த மஞ்சள் முடிச்சுக்கு மதிப்பில்லை. பதினோரு வருடம் ஒரு கிழவி பெட்டிக்கடியில் வைத்துக்கொண்டிருந்தாள். வேண்டுதலை மறந்தால் சாமி கனவில் வந்து கேட்கும் என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். இந்தக் கதையில் சாமி கனவில் வரவில்லை, குதிரையாகவே வந்திருக்கிறது. அதை மறுபடியும் கனவுக்குள் அனுப்பாதீர்கள்.

---

மொட்டைமாடி | செவ்வாய், காலை 8.02

நேற்று இரவு என் மகளுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். எட்டு வயது. உங்கள் முடிவோடுதான் சொன்னேன், அவள் நிம்மதியாகத் தூங்குவாள் என்று நினைத்தேன். விளக்கை அணைத்துக் கொஞ்ச நேரம் கழித்து இருட்டில் கேட்டாள்: “அம்மா, அந்தக் குதிரைக்குக் கடைசி வரைக்கும் யாருமே கண்ணு திறக்கலையா? அது ஊரையே பார்க்கலையா?”

என்னிடம் பதில் இல்லை. நேற்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். முடிவை மாற்றுங்கள்.

---

தெற்குமடை | செவ்வாய், காலை 8.40

இதை வாசித்துவிட்டு வேலைக்குக் கிளம்பினேன், பேருந்தில் இரண்டு நிறுத்தம் தாண்டிப் போய்விட்டேன்.

வேளார்தெரு, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். கண் திறப்பது வேளார் கையால்தானே? கதிர் திறந்தால் அது தப்பாகுமா? முறையை மீறுவதாக இருந்தால் எழுதமாட்டேன். சிங்கம்புணரி சேவுகப்பெருமாள் ஐயனார் கோயிலில் மண் குதிரைகளைத் தூக்கிவரும் புரவி எடுப்புக்கு ஒரு முறை போயிருக்கிறேன். அரண்மனைப் புரவி முன்னால் போக, மற்றவர்கள் நேர்ந்த புரவிகள் வரிசையாகத் தோளில் வந்தன. கழுத்தில் துண்டும் மாலையும் போட்டு, தூக்கி வந்தவர்கள் வேர்வையில் குளித்திருந்தார்கள். கண் திறந்ததை அருகிலிருந்து பார்க்கவில்லை.

---

வேளார்தெரு | செவ்வாய், இரவு 8.15

முறைப்படி எங்கள் கைதான். அதில் சந்தேகமில்லை. சாப்பிட்டு முடித்ததும் அப்பாவிடம் கேட்டேன். வெற்றிலையை மடித்துக்கொண்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் சொன்னது இதுதான்:

“கோயில்ல வச்சுன்னா அவன் தொடக்கூடாது. ஆனா கரையில உடைப்பு, ஊரு தூங்குது, பக்கத்துல வேளாரில்ல. பிள்ளைக்கு நேந்த குதிர. பிள்ளை தெறந்தா என்ன?”

பச்சை மண் என்பதால் மை வேண்டாம், கட்டைவிரலால் அழுத்தினாலே கண் விழும். அழுத்தும்போது மண் விரலை லேசாக உறிஞ்சிப் பிடித்துக்கொண்டு விடும். எடுத்தால் ரேகை அதில் பதிந்திருக்கும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். குதிரைக்கு மண் கண்மாயில்தான் எடுப்போம். அடியில் படிந்திருக்கும் வண்டல் இல்லாமல் எங்களுக்குத் தொழில் இல்லை. அந்தக் குதிரை தண்ணீருக்குள் போனால் அதற்குப் பெயர் சாவு இல்லை. மொட்டைமாடி அவர்கள் மகளிடம் இதைச் சொல்லட்டும். புதுக்கோட்டை பக்கம் நமணசமுத்திரத்தில் வழி நெடுக மண் குதிரைகள் நிற்கும். குளமங்கலத்தில் 30 அடிக்கு மேல் உயரமான குதிரைச் சிலைக்கு மாசிமகத்தன்று காகித மாலை போட்டு மூடிவிடுவார்கள், அது வேறு. நாங்கள் செய்வது சுட்ட மண், வெயிலிலும் மழையிலும் நின்று கொஞ்சம் கொஞ்சமாக உதிரும். உதிர்ந்ததை யாரும் எடுத்து ஒட்டுவதில்லை. மறுபடியும் பிடிமண் வரும், மறுபடியும் செய்வோம்.

---

நீர்க்கோடு | செவ்வாய், இரவு 8.50

தொழில்நுட்பமாகவும் சரிதான். சுட்ட மண் தண்ணீரில் கரையாது, ஓடாகக் கிடக்கும், வளையை அடைக்காது. பச்சைக் களிமண், அதிலும் உமி சேர்த்து மிதித்தது, ஊறி இளகி வளைக்குள் போய் உட்காரும். சூளை வைக்க முடியாமல் மழை பெய்ததுதான் ஊரைக் காப்பாற்றுகிறது என்று ஆகிறது. அதை நீங்கள் கதையில் சொல்லவே வேண்டாம்.

---

தெற்குமடை | வியாழன், இரவு 7.47

இரண்டு இரவு உட்கார்ந்து கரையிலிருந்து திரும்ப எழுதினேன். அதற்கு முன்னால் செய்த சின்னத் திருத்தங்கள்: வேளாரின் வசனம் மாறிவிட்டது, காளி கோயிலில் குதிரை குனிகிறது, கன்னத்தில் குளிர்ந்தால் சுட முடியாது என்று வேளார் கதிரிடம் சொல்கிறார்.

---

கண்மாய்க் கரையில், நடுமடைக்குத் தெற்கே, குதிரை தானாக நின்றது. தண்ணீர் பச்சை இலையைக் கசக்கியது போல மணந்தது. கரையின் வெளிச்சரிவில் ஏதோ கொப்பளித்தது. அடுத்த மின்னலில் கதிர் பார்த்தான். நண்டு வளையிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது. கலங்கலாக.

போன வருடம் இதே கரையில் அப்பத்தா அவனை நிறுத்திக் காட்டியிருக்கிறாள். “தெளிஞ்சு வந்தா ஊருக்குச் சொல்லு. கலங்கி வந்தா கத்து.”

கத்தினான். மழையில் அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை.

இன்னும் கால் சுற்று மிச்சம் இருந்தது. வடக்கு மடை, பள்ளிக்கூடம், அப்புறம் தெரு. இறங்கிவிட்டால் சுற்று முடியாது. இறங்கிய பிறகு மறுபடி ஏற, குதிரைக்கு முதுகு இருக்குமா என்றும் தெரியவில்லை. அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒரு நிமிடம் அப்படியே இருந்தான். பிறகு இறங்கினான்.

உள்பக்கச் சரிவில் குப்புறப் படுத்துத் தண்ணீரைப் பார்த்தான். இருட்டு. மின்னல். இருட்டு. மறு மின்னலில் ஒரு வேலஞ்சருகு தெரிந்தது. எல்லாச் சருகும் கலுங்குப் பக்கம் போக, அது மட்டும் நின்ற இடத்திலேயே சுற்றியது.

“அங்க” என்றான். “அந்தா, அங்க.”

குதிரை அவன் குரல் வந்த பக்கம் திரும்பியது. எங்கே என்று அதற்குத் தெரியவில்லை. ஒரு கால் கரையில் வழுக்கியது. கையை நீட்டிக் காட்டினான், அதனால் என்ன பயன்? அது இன்னும் பார்க்கவில்லை.

அதன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே இழுத்தான். ஒரு காது இல்லை, வால் இல்லை, கால்கள் கணுவில் மெலிந்திருந்தன. கட்டைவிரலை மேட்டின்மேல் வைத்து அழுத்தினான். மண் அவன் விரலைப் பிடித்துக்கொண்டது, பிறகு விட்டது. மற்றக் கண்ணையும் அழுத்தினான்.

குதிரை முதலில் பார்த்தது அவனைத்தான்.

அப்புறம் தலையைத் தூக்கி ஊரைப் பார்த்தது. சாவடி விளக்கு, ஓட்டுக் கூரைகள், கோயில் அரசமரம் எல்லாவற்றையும் மின்னல் ஒவ்வொன்றாகக் காட்டியது. பிறகு தண்ணீரைப் பார்த்தது. சருகு சுற்றிக்கொண்டிருந்தது.

இப்போது அதற்கு யாரும் வழி சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கதிர் ஓடிப்போய்ச் சாவடி மணியை அடித்தான். ஆட்கள் மண்வெட்டியும் வைக்கோலுமாக ஓடிவந்தபோது வெளிச்சரிவில் கசிவு தெளிந்து, நூல் போல ஆகியிருந்தது. “உள்ள யாரோ களிமண் அப்பியிருக்காங்கப்பா” என்றார் முழங்காலளவு தண்ணீரில் இறங்கியவர். “உமி தட்டுப்படுது.”

வேளார் லாந்தரைத் தூக்கிக் கதிரின் கையைப் பார்த்தார். இரண்டு கட்டைவிரலிலும் மண். அவர் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. தோளிலிருந்த துண்டை எடுத்து அவன் தலையைத் துவட்டினார்.

தை பிறந்து தண்ணீர் இறங்கியதும் கதிர் அந்த இடத்துக்குப் போனான். கரையோரம் ஒரு மேடு, அதில் புல் முளைக்கத் தொடங்கியிருந்தது. குனிந்து ஒரு கைப்பிடி எடுத்தான். மஞ்சள் துணியின் முடிச்சை அம்மா அப்படியே வைத்திருந்தாள். அதையும் எடுத்துக்கொண்டான்.

“தாத்தா” என்றான் கொட்டகை வாசலில் நின்று. “பிடிமண்.”

---

மொட்டைமாடி | வெள்ளி, காலை 7.20

நேற்று இரவே மகளுக்கு வாசித்துக் காட்டினேன். “குதிரை முதலில் பார்த்தது அவனைத்தான்” என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லி, அதை மட்டும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். தூங்கிவிட்டாள். நன்றி.

---

வன்னிக்காற்று | வெள்ளி, காலை 9.05

மணம் வந்திட்டுது. கனக்க நன்றி.

---

வேளார்தெரு | வெள்ளி, இரவு 7.40

அப்பாவுக்குக் கடைசிப் பகுதியை மட்டும் இரண்டு தடவை வாசித்தேன். கேட்டு முடித்ததும் எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“அந்தப் பய கொண்டாந்த மண்ணுல நண்டு ஓடு கெடக்கும்” என்றார். “நல்லாப் பொறுக்கிட்டு மிதிக்கணும்.”